பாடம்: ரோட்டில் அடிபட்டால் முதல் காகிதம் முக்கியம்



சென்ற இதழில் கறவை மாட்டுக் கடன் பற்றிப் பார்த்தோம். இந்த இதழில் சாலை விபத்தும் நஷ்டஈடும் பற்றிப் பார்க்கப் போகிறோம். "எங்ககிட்ட காரா இருக்கு, இந்தப் பாடம் எங்களுக்கு எதுக்கு?" என்று சில அக்காமார் கேட்கலாம். கார் வைத்திருப்பவருக்கு வக்கீல் இருக்கிறார், ஏஜெண்ட் இருக்கிறார். ரோட்டோரம் நடந்து போகும்போது அடிபடுகிற நமக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

ஒரு உறுப்பினருக்கு நடந்தது

நம் கூட்டமைப்பில் ஒரு குழுவைச் சேர்ந்த அக்கா அவர். வயது 38. இரண்டு பிள்ளைகள். குழுக் கடனில் வாங்கிய இரண்டு கறவை மாடு. விடியற்காலை பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, களையெடுப்புக்கோ நடவுக்கோ போவார். ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்குப் பால் கேனோடு ரோட்டோரம் நடந்து போனவரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து போனது.

கார்க்காரர் ஓடிப் போகவில்லை. தன் காரிலேயே தூக்கிக் கொண்டு போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "செலவை நான் பார்த்துக்கிறேம்மா, போலீஸ் கேஸ் மட்டும் வேண்டாம்" என்றார். டாக்டர் கேட்டபோது "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று அவரே சொன்னார். வலியில் இருந்த அக்கா வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் 20,000 ரூபாயைக் கையில் கொடுத்து, "சமாதானமாகப் போகிறோம்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக் கொண்டார்.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன நாங்களும், "நல்ல மனுஷனாத் தெரியுறார், வாங்கிக்கோங்கக்கா. இந்தக் காலோட ஸ்டேஷனுக்கு அலைய முடியுமா?" என்று தான் சொன்னோம்.

ஐந்தாவது வாரம் எலும்பு கூடவில்லை என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். கார்க்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஒரு மாட்டை விற்றார்கள். குழுவில் இரண்டு தவணை நின்று போனது. கூட்டத்தில் "தவணை வரலேன்னா அபராதம் போடுங்க" என்று பேச்சு வந்தது. ஊக்குநர் வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகு தான் முழு விஷயமும் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்துப் புகார் கொடுக்கப் போனோம். "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். மேலதிகாரிக்கு மனு எழுதிய பிறகு எஃப்.ஐ.ஆர். பதிவானது. இப்போது வழக்கு நடக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் மூன்று கேள்வி கேட்டார்.

ஒன்று: உண்மையிலேயே கார் இடித்திருந்தால் இரண்டு மாதம் ஏன் புகார் கொடுக்கவில்லை?

இரண்டு: ஆஸ்பத்திரிச் சீட்டில் "வழுக்கி விழுந்தார்" என்று இருக்கிறதே?

மூன்று: எஃப்.ஐ.ஆரில் தொழில் "வீட்டு வேலை" என்று இருக்கிறதே, வருமானம் போச்சு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மூன்று கேள்வியும் முதல் சில நாளில் எழுதப்பட்ட காகிதத்திலிருந்து வந்தவை. கால் முறிந்தது நிஜம், கார் இடித்தது நிஜம். ஆனால் காகிதம் வேறு கதை சொல்கிறது. இந்தப் பாடத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அது தான்.

நஷ்டஈட்டுப் பணம் யார் கொடுப்பது?

பலர் கார்க்காரர் பாக்கெட்டிலிருந்து வரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி ரோட்டில் ஓடும் எந்த வண்டிக்கும் "மூன்றாம் நபர்" இன்சூரன்ஸ் கட்டாயம். வண்டிக்காரர் ஒருவர், இன்சூரன்ஸ் கம்பெனி ஒருவர், அந்த வண்டியால் அடிபட்ட நாம் தான் மூன்றாம் நபர். நமக்குக் கொடுப்பதற்காகத் தான் அவர் வருஷா வருஷம் பணம் கட்டுகிறார்.

ஆகவே "பாவம், நல்ல மனுஷன், அவரை எதுக்குக் கெடுக்கணும்" என்று தயங்க வேண்டாம். போலீஸ் கேஸ் அவர் மேல் வரும் என்பது உண்மை தான். ஆனால் அவர் லைசென்சும் இன்சூரன்சும் சரியாக வைத்திருந்தால் நஷ்டஈட்டைக் கம்பெனி தான் கட்டும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தாலும், கம்பெனி முதலில் நமக்குக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூல் செய்து கொள்ளட்டும் என்று பல வழக்குகளில் கோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது.

நம்ம ஊர் அரசு பஸ் இடித்தால் போக்குவரத்துக் கழகமே கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இழுத்தால் கோர்ட்டில் பஸ்ஸை ஜப்தி செய்வதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

1. 108-க்குப் போன் செய்யுங்கள். உயிர் தான் முதலில். வண்டிக்காரர் பணம் கட்டினால் தான் வைத்தியம் என்று பயப்பட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் பணம் கேட்க மாட்டார்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டு வந்தது. அதில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, 1,50,000 ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு. சேர்க்கும்போதே "இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கா?" என்று கேளுங்கள்.

2. வண்டி நம்பரைக் குறித்துக் கொள்ளுங்கள். கூட இருப்பவர் செல்போனில் வண்டியையும் இடத்தையும் போட்டோ எடுக்கட்டும். பார்த்தவர் இரண்டு பேர் பெயரும் போன் நம்பரும் வாங்கி வையுங்கள். நம்பர் இருந்தால் போதும், இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி, எந்தத் தேதி வரை என்று எம்-பரிவாகன் செயலியில் பார்த்துவிடலாம்.

3. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு எழுதுவார்கள். "ஏ.ஆர். காப்பி" என்பது அது தான். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன வண்டி என்று அதில் வர வேண்டும். அடிபட்டவர் பேச முடியாவிட்டால் கூடப் போன குழு உறுப்பினர் சொல்லுங்கள். இடித்த வண்டிக்காரரைச் சொல்ல விடாதீர்கள்.

4. அன்றைக்கோ மறுநாளோ புகார் கொடுங்கள். அடிபட்டவர் தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்பதில்லை. புருஷனோ பிள்ளையோ அக்கம்பக்கத்தவரோ கொடுக்கலாம். சி.எஸ்.ஆர். என்பது புகாரைப் பெற்றுக் கொண்டதற்கான ரசீது மட்டும். நஷ்டஈட்டுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள்.

5. தொழில் என்ன என்று கேட்டால் "வீட்ல தான் இருக்கேன்" என்று சொல்லாதீர்கள். இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறோம்.

6. எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். அவசரச் செலவுக்கு வண்டிக்காரர் பணம் கொடுத்தால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் "இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுக்கக் கூடாது. எலும்பு கூடுமா கூடாதா என்று மூன்றாம் நாளில் டாக்டருக்கே தெரியாது. நமக்கு எப்படித் தெரியும்?

தாமதமாகிவிட்டால் எல்லாம் போச்சு என்றும் நினைக்க வேண்டாம். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் அதை மட்டும் வைத்து மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் அக்கா வழக்கு நிற்பதும் அந்த நம்பிக்கையில் தான். ஆனால் மறுநாளே எழுதியிருந்தால் இந்தப் பாடு இல்லை.

எந்த வண்டியில் போனால் இன்சூரன்ஸ் உண்டு?

இது நம் பெண்களுக்கு மிக முக்கியம். வேலைக்கும் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் நாம் எப்படிப் போகிறோம் என்று நினைத்துப் பார்த்துக் கொண்டே படியுங்கள்.

நடந்து போகும்போது, சைக்கிளில் போகும்போது: இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் கொடுக்கும்.

பஸ், வேன், ஆட்டோ: பயணிகளுக்கு உண்டு. ஆனால் பர்மிட்டில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஏற்றியிருந்தால், அந்த எண்ணிக்கை அளவுக்குத் தான் கம்பெனி பொறுப்பு. மூன்று பேர் போகும் ஆட்டோவில் ஒன்பது பேர் போனால், மூன்று பேருக்கான பணத்தை ஒன்பது பேர் பங்கு போட வேண்டி வரும்.

குட்டி யானை, மினி லாரி, டிராக்டர் டிரெய்லர்: இவை சரக்கு ஏற்றும் வண்டிகள். இதில் சும்மா ஏறிப் போகிறவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தன் காய்கறி மூட்டையோடு டிரைவர் பக்கத்தில் கேபினில் உட்கார்ந்து சந்தைக்குப் போகிறவருக்கு உண்டு. பின்னால் நின்று கொண்டு வளைகாப்புக்குப் போகிற இருபது பேருக்கு இல்லை. அந்த வண்டியே கவிழ்ந்தால் உரிமையாளரிடம் தான் கேட்க வேண்டும். அவரிடம் இருப்பது அந்த ஒரு வண்டி தான், அதற்கும் கடன் இருக்கும். "ஆளுக்கு இருபது ரூபாய் மிச்சம்" என்று ஏறும் முன் இதை யோசியுங்கள்.

டூவீலரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது: வேறு வண்டி இடித்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் உண்டு. நம் வண்டியே சறுக்கி விழுந்தால், அந்த வண்டிக்கு "மூன்றாம் நபர்" பாலிசி மட்டும் இருந்தால் பின்னால் உட்கார்ந்தவருக்குக் கிடைக்காது. "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று நாம் சொல்கிற பேக்கேஜ் பாலிசி இருந்தால் கிடைக்கும்.

சொந்த வண்டியை ஓட்டுகிறவர்: உரிமையாளர் தானே ஓட்டி விழுந்தால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் உதவாது. அதற்கென்று "உரிமையாளர்-ஓட்டுநர்" தனிநபர் விபத்துப் பாலிசி இருக்கிறது. 2018-ல் வந்த உத்தரவுப்படி அது 15 லட்சம் ரூபாய்க்கு. இறந்தாலோ பெரிய ஊனம் ஏற்பட்டாலோ தான் கிடைக்கும். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத் தான், அவரிடம் லைசென்சும் இருக்க வேண்டும். அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டினால் மகனுக்கு இந்தப் பணம் வராது.

குழுக் கடனில் டூவீலர் வாங்கியவர்கள் கவனியுங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது டூவீலருக்கு 5 வருஷத்துக்குச் சேர்த்து மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் போட்டிருப்பார்கள். ஐந்து வருஷம் முடிந்ததும் பலர் மறந்து விடுகிறார்கள். அதன் பிறகு நம் பையன் யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுவதும் நம் தலையில். வீட்டையோ காட்டையோ விற்றுக் கட்ட வேண்டி வரும். வண்டியை விற்றுவிட்டு ஆர்.சி. பெயர் மாற்றாமல் விட்டாலும் அதே கதி. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுத்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும் உண்டு.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால்?

நம்பர் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இதற்கு அரசுத் திட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய். எலும்பு முறிந்தாலே சட்டப்படி கொடுங்காயம் தான். இதற்குக் கோர்ட் வேண்டாம், வக்கீல் வேண்டாம். தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் படிவம் கொடுத்தால் விசாரித்துக் கலெக்டருக்கு அனுப்புவார்கள். பணம் வங்கிக் கணக்கில் வரும். இதற்கும் எஃப்.ஐ.ஆரும் ஆஸ்பத்திரிச் சீட்டும் வேண்டும்.

நஷ்டஈட்டை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

கோர்ட்டில் வாய்க்கு வந்த தொகையைக் கொடுப்பதில்லை. ஒரு கணக்கு இருக்கிறது. நம் குழு வட்டிக் கணக்கை விடச் சுலபம். நம் அக்காவையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

மாத வருமானம் (பாலும் கூலியும் சேர்த்து): 9,000 ரூபாய்.

ஒரு வருஷத்துக்கு: 9,000 x 12 = 1,08,000.

வயதுக்கு ஒரு பெருக்கல் எண் உண்டு. 2009-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பட்டியல் இது: 25 வயது வரை 18, 26 முதல் 30 வரை 17, 31 முதல் 35 வரை 16, 36 முதல் 40 வரை 15, 41 முதல் 45 வரை 14, 46 முதல் 50 வரை 13, 51 முதல் 55 வரை 11, 56 முதல் 60 வரை 9, 61 முதல் 65 வரை 7, அதற்கு மேல் 5.

அக்காவுக்கு 38 வயது, எண் 15. ஆகவே 1,08,000 x 15 = 16,20,000.

காலில் ஏற்பட்ட ஊனத்தால் அவர் சம்பாதிக்கும் சக்தி 30 சதவீதம் குறைந்தது என்று வைத்தால்: 16,20,000-இல் 30 சதவீதம் = 4,86,000 ரூபாய்.

இதற்கு மேல் வைத்தியச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், கூட இருந்து பார்த்தவருக்கு, வண்டிச் செலவு, சத்துணவு, வலி வேதனை என்று தனித்தனியாகச் சேர்ப்பார்கள். 20,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டது எவ்வளவு பெரிய தொகையை விட்டுக் கொடுத்தது என்று இப்போது தெரிகிறதா?

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, ஊனச் சதவீதம். டாக்டர் தரும் சதவீதம் உடம்புக்கு. சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போனது என்பது வேறு கணக்கு என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவருக்கு முழங்கால் மடங்காவிட்டால் சமாளித்துவிடலாம். குத்துக்காலிட்டுப் பால் கறக்கிறவருக்கு, சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவருக்கு முழங்கால் மடங்காவிட்டால் பிழைப்பே போச்சு. உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று சாட்சி சொல்லும்போது ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வருமானம். ஆதாரம் இல்லாவிட்டால் நீதிபதி தோராயமாக ஒரு தொகை வைப்பார். 9,000-க்குப் பதில் 4,500 வைத்தால் 4,86,000 என்பது 2,43,000 ஆகிவிடும். பாதிப் பணம் ஒரு வார்த்தையில் போய்விடும்.

"சும்மா தான் இருக்கேன்" என்று சொல்லாதீர்கள்

ஸ்டேஷனில் "என்னம்மா வேலை?" என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் "வேலை ஒண்ணும் இல்லீங்க, வீட்ல தான் இருக்கேன்" என்கிறோம். நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, சோறாக்கி, களையெடுத்து, புல்லறுத்து ராத்திரி பத்து மணிக்குப் படுக்கிற நாம் சொல்கிற பதில் இது! போலீஸ்காரர் அதை அப்படியே எழுதுகிறார். கம்பெனி வக்கீல் அதை அப்படியே படிக்கிறார்.

கறவை மாடு வளர்ப்பு, விவசாயக் கூலி, தையல், இட்லிக் கடை என்று செய்கிற வேலை எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆதாரம் எங்கே என்று கேட்டால் நம்மிடமே இருக்கிறது. பால் சொசைட்டி பாஸ்புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகம், நம் குழுவின் கடன் லெட்ஜர், தீர்மான நோட்டு. "கறவை மாடு வாங்கக் கடன் கொடுத்தோம், மாதம் தவறாமல் தவணை கட்டினார்" என்று விபத்துக்கு முன்பே எழுதிய கணக்கு நல்ல ஆதாரம். அதனால் தான் நோட்டை நாள் தவறாமல் எழுதுங்கள் என்று நாங்கள் நச்சரிக்கிறோம்.

வெளி வேலைக்கே போகாத, வீட்டை மட்டும் பார்த்துக் கொள்கிற பெண்ணுக்கும் மதிப்பு உண்டு. தாயை இழந்த ஒரு சிறுமியின் வழக்கில் 2009-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அமர்வு, இல்லத்தரசி செய்யும் வேலைக்குப் பண மதிப்புக் கணக்கிட வேண்டும் என்று விரிவாகவே எழுதியது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலையே முக்கிய வேலை என்று சொன்ன பெண்கள் ஏறக்குறைய 16 கோடி, ஆண்கள் ஏறக்குறைய 58 லட்சம் தான் என்று அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. நீதிபதிகளே மதிப்புப் போடுகிறார்கள். நாம் ஏன் நம்மைக் குறைத்துச் சொல்ல வேண்டும்?

வழக்கு எங்கே, எப்போது போடுவது?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும். விபத்து வேறு மாவட்டத்தில் நடந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம்.

2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் மாறியது. இதை எதிர்த்த வழக்கில், காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஆனாலும் நாம் ஆறு மாதத்தையே கெடுவாக வைத்துக் கொள்வது பத்திரம். போலீசும் 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. "அனுப்பிட்டீங்களா சார்?" என்று கேளுங்கள்.

யார் தப்பு என்று நிரூபிக்க முடியாத நிலையில் இன்னொரு வழியும் உண்டு. தப்பு யார் மேல் என்று பார்க்காமல், இறந்தால் 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் என்று நிர்ணயித்த தொகையைக் கேட்கலாம். ஆனால் இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது. எது நல்லது என்று வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே சிலர் வந்து நிற்பார்கள். "அஞ்சு பைசா வேண்டாம், வர்ற பணத்துல பாதி கொடுங்க" என்பார்கள். இவர்கள் புரோக்கர்கள். ஜெயித்த பணத்தில் இத்தனை பங்கு என்று பேசி வழக்கு நடத்துவது வக்கீல்களுக்கே விதிப்படி கூடாது. வெற்று வக்காலத்திலும் வெற்று செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் வருஷச் சட்டம் தந்த உரிமை இது. கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகாவில் வட்டச் சட்டப் பணிகள் குழு என்று கேளுங்கள். போன் நம்பர் 15100.

மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசமாக முடிக்கக் கூப்பிடலாம். சீக்கிரம் பணம் வரும், நல்லது தான். ஆனால் அங்கே ஒத்துக் கொண்டு கையெழுத்துப் போட்டால் பிறகு அப்பீல் கிடையாது. போவதற்கு முன் மேலே சொன்ன கணக்கை வீட்டில் போட்டுப் பாருங்கள். தொகை மிகவும் குறைவாக இருந்தால் "யோசிச்சுச் சொல்றேங்க" என்று எழுந்து வரலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

வருஷம் 20 ரூபாய்

கோர்ட்டு வழக்கு வருஷக் கணக்கில் இழுக்கும். அதற்குள் குடும்பம் ஓட வேண்டும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரை சேரலாம். 2015-ல் 12 ரூபாயாக இருந்து, 2022 ஜூன் முதல் வருஷம் 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டு கண்ணோ இரண்டு கை கால்களோ போனால் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். வெறும் எலும்பு முறிவுக்குக் கிடையாது. யார் தப்பு என்று கேட்க மாட்டார்கள். கோர்ட்டில் வாங்கும் நஷ்டஈட்டோடு இதையும் சேர்த்து வாங்கலாம். மே மாதக் கடைசியில் கணக்கில் 20 ரூபாயாவது இருக்கட்டும். பணம் இல்லாமல் பிடித்தம் நின்று போனவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் எத்தனை பேருக்கு 20 ரூபாய் இன்சூரன்ஸ் இந்த வருஷம் பிடித்திருக்கிறது? பாஸ்புத்தகத்தைக் கொண்டு வந்து பாருங்கள்.

2. வீட்டில் உள்ள டூவீலர் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை? ஆர்.சி. யார் பெயரில்?

3. கடைசியாக எப்போது சரக்கு வண்டியில் ஏறிப் போனோம்? அடுத்த முறை என்ன செய்யலாம்?

4. உறுப்பினர் யாருக்காவது விபத்து நடந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகும் இரண்டு பேர் யார்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

5. ஒவ்வொருவரும் "நான் என்ன வேலை செய்கிறேன், மாதம் எவ்வளவு வருகிறது" என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கூச்சம் போகட்டும்.

கடைசியாக

நம் அக்காவின் குழு அபராதத்தைத் தள்ளுபடி செய்தது. மீதிக் கடனுக்குத் தவணைக் காலத்தை நீட்டித் தீர்மானம் போட்டது. பால் சொசைட்டியில் ஒரு வருஷப் பால் கணக்கை எழுதி வாங்கினோம். ஊக்குநரே கோர்ட்டில் ஏறி, குழு லெட்ஜரைக் காட்டிச் சாட்சி சொன்னார். வழக்கு இன்னும் முடியவில்லை. தீர்ப்பு வந்ததும் இதே பக்கத்தில் எழுதுகிறோம்.

அந்தக் குழுவிலேயே சில மாதம் கழித்து இன்னொரு உறுப்பினரை வேன் இடித்துவிட்டது. கை எலும்பு முறிவு. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியது, கோலூன்றி நடக்கிற நம் அக்கா தான். டாக்டர் கேட்டபோது முன்னால் போய் நின்று, "வேன் இடிச்சுதுங்க, நம்பர் இது, காலையில ஏழு மணிக்கு, பால் சொசைட்டி பக்கத்துல. இவங்க மாடு வச்சிருக்காங்க, கூலிக்கும் போறாங்க, அதையும் எழுதிக்கோங்க" என்றார். அன்று மாலையே எஃப்.ஐ.ஆர். பதிவானது. முதல் காகிதம் சரியாக எழுதப்பட்டது.

உங்கள் குழுவிலும் அப்படிச் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தை வெட்டித் தீர்மான நோட்டில் ஒட்டி வையுங்கள்.